மாப்பிள்ளைமார் ரத்தம்

கட்டுரையில் எல்லாமே பொருந்தி வந்தது. அந்தத் தெருவின் புருஷன்மார்கள் மட்டும்தான் மக்கர் பண்ணினார்கள்.

மங்கையர்க்கரசி காரைக்காலுக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானி. வயல் சேற்றில் வாழும் ஒரு கிருமிதான் அவள் பிழைப்பு. வெறுங்காலோடு நடவுக்கு இறங்குகிறவர்களின் காலில் சின்னக் கீறல் இருந்தால் போதும், அது உள்ளே புகுந்துவிடும். பெரும்பாலானவர்களை ஒன்றும் செய்யாது; சர்க்கரை வியாதிக்காரர்களைத்தான் படுக்கையில் தள்ளும். மற்றவர்களின் உடம்பு அதை அடித்து விரட்டிவிட்டு, அடையாளத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். அந்த அடையாளம் எவ்வளவு காலம் நிற்கும்? வயலை விட்டு டவுனுக்கு வந்து செருப்புக் காலோடு வாழத் தொடங்கியவரின் ரத்தம் பழைய எதிரியை ஞாபகம் வைத்திருக்குமா, மறந்துவிடுமா? இந்த ஒரு கேள்வியோடுதான் அவள் சில வருஷங்களாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

கண்டுபிடிக்கும் வழி பார்க்க அழகானது. ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, செத்த கிருமியின் துணுக்குகளோடு சேர்த்து, குட்டிக் குட்டிக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் விட வேண்டும். அந்தக் கிருமியை முன்பே சந்தித்த அணு கூட்டத்தில் இருந்தால் அது பதறிப்போய் எதையோ சுரக்கும். சுரந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி விழும். ஞாபகம் இருந்தால் குழி முழுக்கக் கடுகு கொட்டியது போலிருக்கும். இல்லையென்றால் வெள்ளை.

கடலை ஒட்டிய ஒரு முஸ்லிம் தெருவை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வியாபாரத்திலும் கப்பலிலும் இருந்து, இப்போது வளைகுடாவில் சம்பாதிக்கும் குடும்பங்கள் அவை. நெடுங்காடு பக்கத்து நெல் கிராமங்களில் உள்ள முஸ்லிம் வீடுகளோடு அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கொள்வினை கொடுப்பினை. ஆக, அவள் கணக்கு இப்படி ஓடியது: மனைவி சேற்றில் விளையாடி வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். கணவன் உப்புக் காற்றில் பிறந்து சேற்றையே மிதிக்காதவன். இரண்டு பேரும் இப்போது ஒரே வீட்டில் ஒரே சோற்றைத் தின்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிடத் தோதான தெரு எங்கே கிடைக்கும்?

பெண்களின் குழிகள் பளிச்சென்று வெள்ளையாக வந்தன. வயலை விட்டால் ரத்தம் மறந்துவிடுகிறது! கட்டுரை எழுதினாள். நல்ல பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டது. அவளுடைய துறைத் தலைவரும் கட்டுரையில் கூடப் பெயர் போட்டவருமான வைத்தியலிங்கம், "அடுத்த மாசம் இணைப் பேராசிரியர் இன்டர்வியூல இது ஒண்ணே போதும்மா, கண்ண மூடிக்கிட்டுக் குடுத்துடுவாங்க" என்றார். அவள் அந்தப் பதவிக்குக் காத்திருப்பது இரண்டாவது முறை. முதல் முறை, "வெளியீடு போதாது" என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் பெரும்பாலான ஆண்களின் குழிகளில் நீலம். சேற்றையே மிதிக்காதவர்களுக்கு எங்கிருந்து வந்தது ஞாபகம்? வைத்தியலிங்கம் யோசித்து ஒரு வாக்கியம் சேர்க்கச் சொன்னார்: வியாபார விஷயமாக ஆண்கள் வயல் பகுதிகளுக்குப் போய்வருவது காரணமாக இருக்கலாம். பத்திரிகைக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள். விஞ்ஞானக் கட்டுரைகளில் 'இருக்கலாம்' என்ற சொல் வாசற்படியில் போட்ட மிதியடி மாதிரி. அதற்கடியில் எதை வேண்டுமானாலும் தள்ளிவிடலாம்.

அச்சுக்கு முந்தைய படி திருத்தத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். கமா, முற்றுப்புள்ளி எல்லாம் பார்த்து முடித்தாள். அந்த 'இருக்கலாம்' மட்டும் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. எத்தனை தடவை போய்வருவார்கள்? போனால் செருப்பைக் கழற்றிவிட்டா வரப்பில் இறங்குவார்கள்? நேரில் கேட்டுவிட்டால் தீர்ந்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

ரோஷன் பேகத்தின் வீட்டு வாசலில் ஜல்லி குவிந்துகிடந்தது. மாடியில் டைல்ஸ் வெட்டும் மிஷின் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. ஐம்பதைத் தொட்ட ரோஷன் பேகம் அந்தச் சத்தத்தையும் மீறி மேஸ்திரியை அதட்டிக்கொண்டிருந்தவர், இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"வாங்க டாக்டரம்மா, வாங்க! மறுபடியும் ரத்தமா? போன தடவ குத்துன எடமே இப்பத்தான் ஆறுச்சு."

"ரத்தம் வேணாங்க. உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரே ஒரு கேள்வி."

கூடத்தில் ஊஞ்சல் பலகையில் நூருல் அமீன் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். சுபாவத்தில் சாது, மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவதால் அவருக்குப் பேச வேண்டிய அவசியமும் இருந்ததில்லை. மூலையில் சாய்வு நாற்காலியில் ரோஷன் பேகத்தின் வாப்பா மதார் சாகிப். எண்பதைத் தாண்டியவர், காது மட்டும் பாம்புக் காது.

"நீங்க வயக்காட்டுப் பக்கம் அடிக்கடி போவீங்களா?" என்று மங்கையர்க்கரசி கேட்டாள்.

"வயக்காடா?" நூருல் அமீன் பேப்பரைத் தாழ்த்தினார். "நான் எங்கங்க போறேன்? துபாய்ல மணல மிதிச்சேன். இங்க வந்து டைல்ஸ மிதிக்கிறேன். வயல்ல எறங்கி முப்பது வருஷம் இருக்கும்."

அவள் பேனா நின்றது. முப்பது வருஷத்துக்கு முன் இறங்கினாரா? கேட்க வாயெடுப்பதற்குள் ரோஷன் பேகம் தேநீரோடு வந்துவிட்டார். பின்னாலேயே அவர் மகள் பஹீமா, கல்லூரி முடித்த பெண், பிஸ்கட் தட்டோடு வந்து சிரித்துவிட்டு உள்ளே ஓடினாள்.

"அவளுக்குத்தான் கல்யாணம்" என்றார் ரோஷன் பேகம். "பெருநாள் கழிச்சு நிக்காஹ். அதுக்குள்ள மாடி முடியணும். இந்த ஆளுங்க முடிப்பாங்கங்கிற நம்பிக்கை எனக்கில்ல."

"ரொம்ப சந்தோஷங்க. பொண்ண எந்த ஊருல குடுக்குறீங்க?"

"பொண்ண எங்க குடுக்குறது?" ரோஷன் பேகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாப்பிள்ளைதானே இங்க வர்றாரு! அவருக்குத்தான் இந்த மாடி. வீடு பொண்ணு பேருலதானங்க. எங்க உம்மாவுக்கு அவங்க உம்மா குடுத்தது, எனக்கு எங்க உம்மா குடுத்தாங்க, நான் இவளுக்குக் குடுப்பேன். நீங்க ஒரு டாக்டரு, இதெல்லாம் தெரியாதா?"

தெரியும். தெரியாமல் என்ன? காரைக்கால் பள்ளிக்கூடத்தில் அவளோடு படித்த சித்திக்காவின் கல்யாணத்தில், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து இறங்கியதை மாடியில் நின்று எட்டிப் பார்த்துச் சிரித்தவள்தான் அவள். ஆனால் ஒன்று தெரிந்திருப்பது வேறு, அது வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்கு வந்து நிற்பது வேறு. மங்கையர்க்கரசி குரும்பகரம் என்ற வயற்காட்டு ஊரில் பிறந்து, காரைக்காலில் வாழ்க்கைப்பட்டவள். அவள் அம்மா வேறு ஊரிலிருந்து வந்தவள், அத்தைகள் வேறு ஊர்களுக்குப் போனவர்கள். கல்யாணம் என்றால் பெண் போவாள் என்பது அவளுக்கு யோசித்துத் தெரிய வேண்டிய சங்கதியே இல்லை. அதனால்தான் யோசிக்கவில்லை.

தேநீர் கையிலேயே ஆறிக்கொண்டிருந்தது.

"ஏங்க, நீங்க பொறந்தது...?" என்று ரோஷன் பேகத்திடம் கேட்டாள்.

"இந்த வீட்டுலதான். தோ, அந்த ரூம்ல."

"அப்ப நான் கேட்டப்ப இருபத்தெட்டு வருஷம்னு சொன்னீங்களே?"

"கல்யாணமாகி எத்தன வருஷம்னு கேட்டீங்க. இருபத்தெட்டு. தப்பா சொல்லிட்டனா?" ரோஷன் பேகம் கணவனைப் பார்த்தார். "இல்ல, சரியாத்தான் வருது."

இல்லை, அவர் தப்பாகச் சொல்லவில்லை. தெருவில் ஒருவருமே தப்பாகச் சொல்லவில்லை. கல்யாணமாகி எத்தனை வருஷம் என்று கேட்டுவிட்டு, அந்த மனைவி ஊரை விட்டு வந்து அத்தனை வருஷம் என்று தானே எழுதிக்கொண்டவள் மங்கையர்க்கரசி.

"வந்தவர் நான்தாங்க" என்று நூருல் அமீன் மெதுவாகச் சொன்னார். "நெடுங்காட்டுக்கு மேக்க எங்க ஊரு. சின்னதுல நாத்தங்கால்லயேதான் கெடப்பேன். உம்மா கம்ப எடுத்துக்கிட்டு வந்தாத்தான் வீட்டுக்கு."

தனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. இந்த மனிதர் சேற்றை விட்டு வந்து முப்பது வருஷம் ஆகிறது. பாதிக் காலம் பாலைவனம். இவருடைய குழியில் புள்ளி கொட்டிக் கிடந்ததை அவளே கண்ணால் பார்த்தாள். ரத்தம் எதையும் மறக்கவில்லை! வெள்ளைக் குழிக்காரிகள் மறந்தவர்களும் இல்லை. அவர்கள் சேற்றைப் பார்த்ததே இல்லை. கட்டுரை தலைகீழாக நின்றுகொண்டிருந்தது.

மூலையிலிருந்து மதார் சாகிப் குரல் கொடுத்தார். "இவருக்கு முன்னாடியே இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தவன் நான் இங்க உக்காந்திருக்கேன். என்கிட்ட யாரும் ரத்தம் கேக்கலையே?"

"அறுபது வயசுக்கு மேல எடுக்க வேணாம்னு முடிவு பண்ணியிருந்தோங்க."

"நல்ல முடிவு" என்றார் அவர். பாராட்டவில்லை என்பது குரலில் தெரிந்தது.

அன்றைக்கும் மறுநாளும் அவள் தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினாள். இந்தத் தடவை எங்கே பிறந்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். பெண்கள் எல்லாரும் உள்ளறையைக் காட்டினார்கள். ஆண்கள் ஊர்களைச் சொன்னார்கள். இதே தெருவில் பிறந்து, நாலு வீடு தள்ளிக் கல்யாணம் செய்துகொண்ட ஆண்கள் சிலரும் இருந்தார்கள். ஆய்வகத்துக்குப் போய் அவர்களின் குழிகளை எடுத்துப் பார்த்தாள். வெள்ளை. சந்தேகத்துக்கு இருந்த கடைசி இடுக்கும் அடைபட்டது.

வைத்தியலிங்கம் முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும் மனிதர், வம்பு வேண்டாம் என்று நினைப்பவர்.

"இன்டர்வியூ முடியட்டும்மா. அப்புறமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். எல்லாரும் செய்யறதுதான்."

"திருத்தம் இல்ல சார். முடிவே தப்பு. வயல விட்டுட்டா மறந்துபோவுதுன்னு எழுதியிருக்கோம். மறக்கவே இல்ல."

"நீயும் நானும் சொன்னாத்தானே வெளிய தெரியும்?" என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக அவரே வெட்கப்பட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் சொன்னது உண்மை. யாருக்கும் தெரியப்போவதில்லை. அரசலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். பதவி வேண்டும். ரொம்பவே வேண்டும். தனக்கென ஓர் ஆய்வகம், தானே தேர்ந்தெடுத்த மாணவர்கள், கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்காராமல் இருப்பது, எல்லாம் அதில் அடங்கியிருந்தது. அவள் தியாகி என்று நான் சொல்லப்போவதில்லை. நேர்மையை மட்டும் நம்பி விட்டிருந்தால், அந்த வெள்ளிக்கிழமை எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவளைப் பிடித்து உலுக்கியது வேறொன்று. முப்பது வருஷம் நிற்கும் ஞாபகம் நாற்பது வருஷம் நிற்குமா? ஐம்பது? அதற்கும் மேலே? கட்டுரை வெளிவந்துவிட்டால் இந்தக் கேள்வியை அவள் வாயைத் திறந்து கேட்கவே முடியாது. மறந்துவிடுகிறது என்று எழுதி அச்சிட்டவள், எவ்வளவு காலம் ஞாபகம் இருக்கும் என்று எந்த முகத்தோடு கேட்பாள்? தன் ரத்தத்தையே சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தினமும் அந்தக் கிருமியோடு புழங்குகிறவள், ஞாபகம் எப்போது வந்தது என்று யார் கண்டது?

அங்கேயே நின்று செல்போனில் பத்திரிகைக்கு எழுதினாள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், அடிப்படையில் பிழை, பிழை என்னுடையது. அனுப்பும் முன் வைத்தியலிங்கத்துக்குப் படித்துக்காட்டினாள். எதிர்முனையில் நீண்ட பெருமூச்சு. "சரி, அனுப்பு. என் பேரையும் சேத்தே போடு" என்றார்.

இன்டர்வியூவில் வெளியூரிலிருந்து வந்திருந்த நிபுணர் முதலிலேயே அதைத்தான் கேட்டார்.

"இந்த வருஷம் உங்க வெளியீடு என்னம்மா?"

"ஒண்ணு அச்சு வரைக்கும் போச்சு சார். திரும்ப வாங்கிட்டேன்."

ஏன் என்று கேட்டார்கள். சொன்னாள். மாடி, டைல்ஸ், மாப்பிள்ளை, எதையும் விடவில்லை. குழுவிலிருந்த ஏழு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒருவர் அந்தத் தெருவின் வழக்கத்தைப் பற்றி இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வரும்போது அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.

பட்டியலில் தமிழ்ச்செல்வன் என்பவரின் பெயர் இருந்தது. அவரிடம் அந்த வருஷம் மட்டும் ஏழு கட்டுரைகள். நல்ல மனிதர்தான், கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னாள். பிறகு ஆய்வகத்துக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கை கழுவும் தொட்டியில் குனிந்து அழுது தீர்த்தாள். ஏழு பேர் சிரித்துக் கேட்ட கதைக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அழுது முடித்த கையோடு புதிய ஆய்வுக்கு அனுமதி கேட்டு எழுதினாள். வயது வரம்பை எடுத்துவிட்டாள். அனுமதி வந்ததும் அவள் போய் நின்ற முதல் வீடு எது என்று சொல்ல வேண்டியதில்லை. பஹீமாவின் கல்யாணம் முடிந்திருந்தது. மாடியில் புது மாப்பிள்ளையின் செருப்பு கிடந்தது. மதார் சாகிப் சட்டைக் கையை முன்கூட்டியே மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

இருபத்திரண்டு வயதில் நெல் கிராமத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்தவர். அந்த வருஷமே பினாங்குக்குக் கப்பலேறி, கடை வைத்து, வயதான பிறகு திரும்பியவர். வயலில் கால் வைத்து அறுபது வருஷம் தாண்டிவிட்டது. ஊசி ஏறும்போது அவர் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

குழித் தட்டை நுண்ணோக்கிக்கு அடியில் வைத்தாள். முதல் குழி. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். மருமகனுக்கு இருந்த அளவு அடர்த்தி இல்லை. ஆனால் இருந்தது. நீலமாக, ஒன்று, இன்னொன்று, அதோ ஓரத்தில் ஒரு கூட்டம். அடுத்த குழியிலும். அதற்கடுத்ததிலும். ஆளில்லாத அறையில், "அடேயப்பா!" என்று கத்தியேவிட்டாள்.

போனில் சொல்லியிருக்கலாம். மனசு கேட்கவில்லை, நேரில் போனாள். ரோஷன் பேகம் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். கூடத்தில் கிழவர் மட்டும்தான். நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, புள்ளி என்றால் என்ன, அது எதைக் காட்டுகிறது என்று எல்லாவற்றையும் அவள் விளக்கினாள்.

"அப்ப என் ரத்தத்துக்கு அந்தச் சேறு இன்னும் ஞாபகம் இருக்குங்கிறீங்க."

"இருக்குங்க. அறுபது வருஷம் கழிச்சும். இப்படி நிக்கும்னு நானே நெனக்கல."

"நல்லதா கெட்டதா?"

"நல்லதுதாங்க. மறுபடியும் அந்தக் கிருமி வந்தா ஒடம்பு சட்டுனு அடையாளம் கண்டுக்கும்."

மதார் சாகிப் வாசல் பக்கம் பார்த்தார். மகள் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"ரோஷனோட உம்மா மௌத்தாகுறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒண்ணு கேட்டா. 'நான் போயிட்டா நீங்க உங்க ஊருக்குத் திரும்பிப் போயிடுவீங்களா?'ன்னு. பாவம், அதுதான் அவ கவல. 'எந்த ஊரு? அதெல்லாம் எனக்கு மறந்தே போச்சு'ன்னு சொன்னேன். அந்த நிம்மதியிலதான் கண்ண மூடினா." அவர் முழங்கையில் ஊசி குத்திய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "பொய்யின்னு எனக்குத் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு."

மங்கையர்க்கரசி குறிப்பேட்டை மூடி மடியில் வைத்தாள்.

"இத எழுதுவீங்களா?" என்று அவர் கேட்டார்.

"எழுதத்தானங்க வேணும். இதுதான் கட்டுரையே."

"என் பேரு வருமா?"

"வராதுங்க. யார் பேரும் வராது. எண்பத்து மூணு வயசு ஆண்னு மட்டும்தான் போடுவோம்."

கிழவர் தலையாட்டினார். மாடிப்படியில் யாரும் இறங்கி வருகிறார்களா என்று பார்த்தார். பிறகு அவள் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னார்.

"பேரு வேணாம். ஊரு பேர மட்டும் போடுங்க."